தொடர்பு விட்டுப்போன ஒருவரைத் தேடிக் கண்டுபிடிப்பது எப்படி: முழுமையான வழிகாட்டி

இருபது, முப்பது ஆண்டுகளாகத் தொடர்பில் இல்லாத ஒருவரைத் தேட நினைத்தால் கை முதலில் தேடுபெட்டிக்குத்தான் போகும். பெயரைத் தட்டினால் அதே பெயரில் நூற்றுக்கணக்கான முகங்கள் வரும். அரைமணி நேரம் உருட்டிப் பார்த்துவிட்டு, கிடைக்கவில்லை என்று விட்டுவிடுவோம். பெரும்பாலான தேடல்கள் இந்த இடத்திலேயே நின்றுபோகின்றன.

ஒரு மனிதரின் பெயர் மாறலாம், ஊர் மாறலாம், எண் மாறலாம். ஆனால் அவருடைய அண்ணன், பக்கத்து பெஞ்சில் உட்கார்ந்தவர், முதல் வேலையில் கூட இருந்தவர், குடியிருந்த வீட்டின் சொந்தக்காரர் என எல்லோரும் சேர்ந்து மறைந்துவிடுவதில்லை. அவர்களில் யாராவது ஒருவர் எளிதில் அகப்படுவார். அதனால் ஆளை நேரடியாகத் தேடுவதைவிட, அவரைச் சுற்றியிருந்தவர்களைத் தேடி அவர்கள் வழியாக அவரிடம் போவது விரைவாகவும் பலிக்கும், பாதுகாப்பாகவும் இருக்கும். இந்த வழிகாட்டி முழுவதும் அந்த வழியைத்தான் பின்பற்றுகிறது.

தொடங்கும் முன் ஒன்றைத் தெளிவுபடுத்திக்கொள்ளுங்கள். நேற்றுவரை வீட்டில் இருந்தவர் இன்று காணோம், அல்லது அவர் ஆபத்தில் இருக்கிறார் என்ற ஐயம் உண்டு என்றால் நீங்களே தேடிக்கொண்டிருக்கக் கூடாது. உடனே காவல் நிலையத்தில் புகார் கொடுங்கள். 24 மணி நேரம் கழிந்த பிறகுதான் புகார் கொடுக்க முடியும் என்பது பரவலாக நம்பப்படும் தவறு. எல்லை தாண்டியிருக்கலாம் என்று தெரிந்தால், காணாமல் போனவர்களுக்காக இன்டர்போல் வெளியிடும் மஞ்சள் அறிவிப்பு வரை காவல்துறை போக முடியும். தனியாளால் அது முடியாது. காலப்போக்கில் தொடர்பு விட்டுப்போனவர்களைத் தேடுவதற்கானவைதான் கீழே உள்ளவை.

படி 1: தெரிந்ததையெல்லாம் எழுதுங்கள்

ஒரு நோட்டை எடுத்து மூன்று பத்திகள் போடுங்கள்: உறுதியாகத் தெரிந்தது, அநேகமாகச் சரி, யாரோ சொன்னது. முழுப்பெயர், வீட்டில் கூப்பிட்ட பெயர், முன்னெழுத்துகள், அப்பா அம்மா பெயர், உடன்பிறந்தவர்கள் பெயரும் வரிசையும், பள்ளி, கல்லூரி, படித்த ஆண்டுகள், பிரிவு, குடியிருந்த தெரு, வேலை பார்த்த இடம், விளையாட்டு, பாட்டு, கட்சி, சங்கம், போய்வந்த வழிபாட்டுத் தலம், கடைசியாகப் பார்த்த அல்லது பேசிய நாள் என எல்லாவற்றையும் உரிய பத்தியில் எழுதுங்கள்.

மூன்று பத்திகளாகப் பிரிப்பதற்குக் காரணம் உண்டு. "அவர் கல்யாணம் ஆகி வெளிநாடு போயிட்டாராம்" என்று எப்போதோ காதில் விழுந்த ஒரு வரி, மாதக்கணக்கில் தவறான நாட்டில் தேட வைத்துவிடும். மூன்றாம் பத்தியில் இருப்பதை வைத்து எதையும் ஒதுக்கிவிடாதீர்கள். வேறு வழி இல்லாதபோது அந்தப் பக்கமும் ஒருமுறை பாருங்கள், அவ்வளவுதான்.

பிறந்த ஆண்டு தெரியாவிட்டால் கணக்குப் போடலாம். பத்தாம் வகுப்பை 1988இல் முடித்தவர் பெரும்பாலும் 1971க்கும் 1973க்கும் இடையில் பிறந்தவர். இந்த மூன்றாண்டு இடைவெளியே பின்னால் ஒரே பெயர்க்காரர்களைக் கழித்துக்கட்டப் பேருதவியாக இருக்கும். பள்ளியில் சேர்ப்பதற்காக வயதைக் கூட்டியோ குறைத்தோ போட்டிருக்கவும் வாய்ப்பு உண்டு. அதனால் இருபக்கமும் ஓராண்டு கூடுதலாக விட்டுக்கொள்ளுங்கள்.

நினைவு தீர்ந்த பிறகு வீட்டில் இருக்கும் காகிதங்களுக்குப் போங்கள். பழைய கடித உறைகளில் அனுப்புநர் முகவரியும் அஞ்சல் முத்திரைத் தேதியும் இருக்கும். திருமண அழைப்பிதழில் ஒரு குடும்பத்தின் பெயர்கள் உறவுமுறையோடு அச்சிடப்பட்டிருக்கும். தேடுபவருக்கு அதைவிட நல்ல ஆவணம் வீட்டில் வேறு எதுவும் இராது. ஆட்டோகிராஃப் புத்தகம், பழைய டைரியின் பின்பக்கத்து எண்கள், வகுப்புக் குழுப்படத்தின் கீழே வரிசையாக அச்சிட்ட பெயர்கள், படங்களின் பின்புறம் பேனாவால் எழுதியவை, இவை எதையும் விடாதீர்கள். குழுப்படத்தில் இருக்கும் எல்லாப் பெயர்களையும் எழுதிக்கொள்ளுங்கள், உங்களுக்கு நெருக்கமாக இல்லாதவர்களையும் சேர்த்து. பழைய மின்னஞ்சல் கணக்கு இன்னும் திறக்கிறது என்றால் அதில் அவர் பெயரைத் தேடி, அவரோடு சேர்த்து நகல் அனுப்பப்பட்டவர்களின் முகவரிகளைக் குறித்துக்கொள்ளுங்கள். அந்தக் காலத்தில் உங்கள் இருவருக்கும் பொதுவாக இருந்தவர்கள் அவர்கள்தான்.

படி 2: பெயரின் எல்லா வடிவங்களும்

தமிழ்ப் பெயர் கொண்ட ஒருவரைத் தேடும்போது அதிகம் சறுக்குவது இங்கேதான். நிதானமாகச் செய்யுங்கள்.

தமிழில் ஒரே மாதிரி எழுதும் பெயரை ஆங்கில எழுத்தில் ஐந்தாறு விதமாக எழுதுவார்கள். ழகரத்துக்கு ஒருவர் 'இசட்-எச்' போடுவார், இன்னொருவர் வெறும் 'எல்', வேறொருவர் 'இசட்' மட்டும். தகரத்துக்கு 'டி' மட்டும் போடுபவர்களும் உண்டு, 'டி-எச்' போடுபவர்களும் உண்டு. சகரம் 'எஸ்' ஆகலாம், 'சி-எச்' ஆகலாம், 'எஸ்-எச்' ஆகலாம். நெடிலுக்கு எழுத்தை இரட்டிப்பதும் இரட்டிக்காமல் விடுவதும் அவரவர் பழக்கம். லட்சுமி என்ற பெயரை லக்ஷ்மி, லெட்சுமி, லச்சுமி என்று ஒலிக்கிறபடியெல்லாம் எழுதிப் பதிவு செய்திருப்பார்கள். ஊருக்கு ஊர், நாட்டுக்கு நாடு இந்தப் பழக்கம் மாறும். எந்த எழுத்துக்கூட்டல் சரி என்று ஆராய வேண்டாம். அவருடைய பள்ளிச் சான்றிதழில் எழுத்தர் எப்படி எழுதினாரோ அதுதான் வாழ்நாள் முழுவதும் ஒட்டிக்கொண்டு வந்திருக்கும். பழைய மதிப்பெண் பட்டியலோ பரிசுப் பட்டியலோ கிடைத்தால் அதில் இருக்கும் வடிவத்தை முதலில் தேடுங்கள். கிடைக்காவிட்டால் எட்டு முதல் பன்னிரண்டு வடிவங்களை எழுதி வைத்துக்கொண்டு ஒவ்வொன்றாகத் தேடுங்கள்.

அடுத்தது முன்னெழுத்து. உள்ளூரில் 'ரா. கண்ணன்' என்று இருந்தவர் வெளிநாட்டுக் கடவுச்சீட்டு நடைமுறையில் 'கண்ணன் ராமசாமி' ஆகியிருப்பார். சில இடங்களில் படிவத்தின் கட்டாயத்தால் இவருடைய பெயரே குடும்பப் பெயராகி, அப்பாவின் பெயர் முதற்பெயராகிவிடும். அலுவலகத்தில் எல்லோரும் இவரை 'ராமசாமி' என்று கூப்பிட்டுக்கொண்டிருப்பார்கள். ஆகவே அப்பாவின் பெயர் தெரிந்திருந்தால் இரண்டு பெயர்களையும் முன்பின்னாக மாற்றிப் போட்டுத் தேடுங்கள். வாரிசுகள் வழியாகவும் ஒரு தடம் உண்டு. அவருடைய பிள்ளைகளின் பெயருக்குப் பின்னால் அவர் பெயர் வந்திருக்கும்.

பெண்களைத் தேடும்போது திருமணத்துக்குப் பின் வந்த பெயர் தெரியாமல் நிற்போம். கணவர் பெயரை யூகிக்க முயன்று நேரத்தை வீணாக்க வேண்டாம். அவருடைய அண்ணன் தம்பிகளைத் தேடுங்கள், ஆண்களின் பெயர் பெரும்பாலும் மாறுவதில்லை. நெருங்கிய தோழிகளின் ஃபேஸ்புக் நண்பர் பட்டியலில், முதற்பெயர் மட்டும் ஒத்துப்போகும் முகங்களைப் பாருங்கள்.

இந்தப் படியில் மறக்கக் கூடாத விதி ஒன்று: எந்தப் பெயர் அரிதோ அதிலிருந்து தொடங்குங்கள். நீங்கள் தேடுபவர் செந்தில்குமார், அவர் தங்கை பூங்குழலி என்றால், பூங்குழலியைத் தேடுங்கள்.

படி 3: சுற்றியிருந்தவர்கள்

எழுதிய பட்டியலில் இருந்து பத்துப் பேரைத் தேர்ந்தெடுங்கள். பள்ளியில் இருவர், கல்லூரியில் இருவர், வேலையிடத்தில் இருவர், தெருவில் இருவர், உறவில் இருவர் என்று வட்டத்துக்கு வட்டம் பிரித்து எடுங்கள். ஒரே வட்டத்தில் பத்துப் பேரைக் கேட்டால் பத்துப் பேருக்கும் தெரிந்தது ஒரே செய்தியாக இருக்கும். வேலை தேடுபவர்களை வைத்துச் சமூகவியலாளர் மார்க் கிரனோவெட்டர் 1973இல் காட்டியது இதைத்தான்: அன்றாடம் பழகும் நெருங்கியவர்களைவிட, எப்போதாவது பார்க்கும் அறிமுகக்காரர்களிடமிருந்தே புதிய செய்தி வருகிறது. அந்தத் தெருவில் கடை வைத்திருந்தவர், விளையாட்டு ஆசிரியர், விடுதிக் காப்பாளர், பழைய அலுவலகத்தின் கணக்கர், இவர்கள் நிறையப் பேரை நினைவில் வைத்திருப்பார்கள். பெரும்பாலும் வயதானவர்கள் என்பதால் இவர்களைத்தான் முதலில் பார்க்க வேண்டும். நேரில் போய், கையில் ஒரு பழைய படத்தோடு கேட்டால் தொலைபேசியில் கிடைக்காதது கிடைக்கும். பெயர் நினைவுக்கு வராதவர்களுக்கும் முகம் நினைவுக்கு வந்துவிடும்.

கேட்கும் விதம் முக்கியம். "அவர் நம்பர் இருக்கா?" என்று எடுத்ததும் கேட்டால் எதிரில் இருப்பவர் தயங்குவார். தயங்குவதுதான் நியாயமும்கூட. நீங்கள் கடன் வசூலிக்க வந்தவரா, பழைய பகை தீர்க்க வந்தவரா என்று அவருக்கு எப்படித் தெரியும்? இப்படிக் கேளுங்கள்: "வணக்கம், நான் இன்னார் பேசுறேன். தொண்ணூத்திரண்டுல அவரோட ஒண்ணா படிச்சேன். அவர் நம்பரை நீங்க எனக்குத் தர வேண்டாம். என் நம்பரை அவர்கிட்ட சேர்க்க முடியுமா? உங்களுக்கு நேரடித் தொடர்பு இல்லேன்னா, தெரிஞ்சவங்க யாராச்சும் இருக்காங்களா?" இதில் கடைசிக் கேள்விதான் தேடலை நகர்த்தும். ஒவ்வொரு உரையாடலிலிருந்தும் குறைந்தது ஒரு புதிய பெயராவது வாங்கிக்கொண்டு வெளியே வாருங்கள்.

யாரிடம் எப்போது கேட்டீர்கள், என்ன சொன்னார்கள், மறுபடி எப்போது கூப்பிடச் சொன்னார்கள் என்று தேதியோடு நோட்டில் எழுதுங்கள். மூன்று வாரம் கழித்து ஒருமுறை நினைவூட்டலாம். அதற்கு மேல் வற்புறுத்தினால் அந்தக் கதவு மூடிக்கொள்ளும்.

படி 4: இணையத்தில் தேடுவது

இப்போது தேடுபெட்டிக்கு வரலாம். உங்களிடம் இப்போது அரிய பெயர்களும், எழுத்து வடிவங்களும், ஆண்டுகளும் இருக்கின்றன.

பெயரை இரட்டை மேற்கோள் குறிக்குள் போட்டால் அந்த வடிவம் மட்டும் வரும். மேற்கோளுக்குள் இருப்பதைத் தேடுபொறி தானாகத் திருத்தாது. அதனால்தான் பெயர் வடிவங்களின் பட்டியல் தேவைப்படுகிறது. பெயரோடு பள்ளியின் பெயரை, துறையை, ஊரை ஒவ்வொன்றாகச் சேர்த்துப் பாருங்கள். எல்லாவற்றையும் ஒரே தடவையில் சேர்த்தால் ஒன்றும் வராது. அதே பெயரில் ஒரு புகழ்பெற்றவர் இருந்து முடிவுகளை அடைத்துக்கொண்டால், அவர் தொழிலைக் குறிக்கும் சொல்லுக்கு முன் கழித்தல் குறி போட்டு நீக்குங்கள். ஒரே தளத்துக்குள் தேட 'சைட்' என்ற ஆங்கிலச் சொல்லையும் முக்காற்புள்ளியையும் போட்டு, இடைவெளி விடாமல் தளத்தின் முகவரியை எழுதுங்கள். 'ஃபைல்டைப்' என்ற சொல்லையும் முக்காற்புள்ளியையும் போட்டு 'பிடிஎஃப்' என்று சேர்த்தால் முன்னாள் மாணவர் பட்டியல்கள், மாநாட்டு மலர்கள், பணிமூப்புப் பட்டியல்கள், அரசிதழ் அறிவிப்புகள் மேலே வரும். சாதாரணத் தேடலில் பத்தாம் பக்கத்துக்குப் பின்னால் புதைந்து கிடப்பவை இவை. ஆங்கிலத்தில் தேடி முடித்ததும் தமிழ் எழுத்திலும் தேடுங்கள். நினைவஞ்சலி விளம்பரங்களும் ஊர்ச் செய்திகளும் சிறு சங்கங்களின் அறிக்கைகளும் தமிழில் மட்டுமே இருக்கும்.

ஃபேஸ்புக்கில் பெயரைத் தேடிய பின் 'நபர்கள்' என்ற பிரிவுக்குள் போய் ஊர், படிப்பு, வேலை ஆகியவற்றால் வடிகட்டலாம். அதைவிடப் பலன் தருவது பழைய மாணவர் குழுக்களும் ஊர்க் குழுக்களும்தான். குழுவில் சேர்ந்ததும் பதிவு போட்டுவிடாதீர்கள். முதலில் உறுப்பினர் பட்டியலைப் பாருங்கள். குழுவுக்குள் இருக்கும் தேடலில் அவர் பெயரையும் செல்லப்பெயரையும் போட்டுப் பாருங்கள். பழைய குழுப்படங்களின் கீழே வந்த கருத்துகளில் பெயர்கள் உதிர்ந்து கிடக்கும். லிங்க்ட்இன்னில் கல்லூரியின் பக்கத்துக்குப் போனால் முன்னாள் மாணவர்களை ஆண்டும் துறையும் வைத்துப் பார்க்கலாம். இங்கே ஒரு எச்சரிக்கை: நீங்கள் ஒருவருடைய பக்கத்தைப் பார்த்தது அவருக்குத் தெரியவரும். இன்னும் உறுதி செய்யாத ஒருவரைத் திரும்பத் திரும்பப் பார்க்க வேண்டியிருந்தால், அமைப்புகளில் தனிப்பார்வை முறைக்கு மாற்றிக்கொள்ளுங்கள்.

அவர் வேலை பார்த்த நிறுவனத்தின் பழைய இணையதளம் இன்று இல்லாமல் போயிருக்கலாம். வேபேக் மெஷின் என்ற இணையக் காப்பகத்தில் 1996 முதலான பக்கங்கள் சேமிக்கப்பட்டிருக்கின்றன. தளத்தின் பழைய முகவரியைக் கொடுத்து, ஆண்டைத் தேர்ந்தெடுத்து, 'எங்கள் குழு', 'தொடர்புக்கு' போன்ற பக்கங்களைத் திறந்து பாருங்கள். ஆய்வுத் துறையில் இருப்பவர் என்றால் கூகுள் ஸ்காலரில் கட்டுரைகளின் முதல் பக்கத்தில் பணியிடமும் மின்னஞ்சலும் இருக்கும். மருத்துவர், வழக்கறிஞர், பட்டயக் கணக்காளர் போன்ற உரிமம் தேவைப்படும் தொழில்களில் பல நாடுகளின் பதிவு மன்றங்கள் பெயர்ப் பட்டியலைப் பொதுவில் வைத்திருக்கின்றன. இந்தத் தொழில்களில் இருப்பவரைத் தேடினால் அங்கேயே தொடங்கலாம்.

படத்தை வைத்துத் தேடுவதில் அதிகம் எதிர்பார்க்காதீர்கள். படத் தேடல் கருவிகளான கூகுள் லென்ஸும் டின்ஐயும் அதே படமோ அதைப் போன்ற படமோ இணையத்தில் இருக்கிறதா என்றுதான் சொல்லும். உங்கள் ஆல்பத்தில் மட்டுமே இருக்கும் 1985ஆம் ஆண்டுப் படத்துக்கு அவற்றால் பயன் இல்லை. முகத்தை அடையாளம் காணும் கட்டணத் தளங்கள் வேறு வகை. அடுத்தவர் முகத்தை அவர் அறியாமல் அங்கே ஏற்றுவது பல நாடுகளில் சட்டச் சிக்கல். தவறான ஆளைக் காட்டிவிடும் ஆபத்தும் உண்டு. அவற்றை விட்டுவிடுங்கள். பழைய தொலைபேசி எண் இருந்தால் கூப்பிட்டுப் பார்க்கலாம், ஆனால் கைவிடப்பட்ட எண்களை நிறுவனங்கள் வேறொருவருக்குக் கொடுத்துவிடும். எடுப்பவர் நீங்கள் தேடுபவர்தான் என்று எண்ணிக்கொண்டு பேசத் தொடங்காதீர்கள். தரைவழி எண் என்றால் இடையில் முன்னால் ஓர் இலக்கம் சேர்ந்திருக்கிறதா, பகுதிக் குறியீடு மாறியிருக்கிறதா என்றும் பாருங்கள்.

படி 5: நிறுவனங்களும் பதிவேடுகளும்

பள்ளி, கல்லூரி, பழைய முதலாளி, ஓய்வூதிய அலுவலகம், தொழிற்சங்கம் ஆகியவற்றிடம் முகவரி இருக்கும். கேட்டால் தரமாட்டார்கள், தரவும் கூடாது. ஐரோப்பிய ஒன்றியத்தில் 2018 மே மாதம் முதல் இதற்குக் கடுமையான தகவல் பாதுகாப்பு விதிமுறையே நடைமுறையில் இருக்கிறது. ஆகவே முகவரி கேட்காமல், கடிதத்தைச் சேர்ப்பிக்கச் சொல்லிக் கேளுங்கள். உங்கள் கடிதத்தை ஒட்டாத உறையில் வைத்து, அஞ்சல்தலையும் ஒட்டி, "இதை உங்கள் பதிவில் உள்ள முகவரிக்கு அனுப்பிவைக்க முடியுமா?" என்று ஒரு தனிக் குறிப்போடு அனுப்புங்கள். படித்த ஆண்டு, பிரிவு, பதிவு எண் என எது தெரிந்தாலும் குறிப்பில் எழுதுங்கள். எழுத்தருக்குத் தேடும் வேலை குறையக் குறைய உங்கள் கடிதம் போய்ச்சேரும் வாய்ப்பு கூடும். உறையை ஒட்டாமல் விடுவது, உள்ளே தவறாக எதுவும் இல்லை என்று அவர்கள் பார்த்துக்கொள்வதற்கு.

மனத்துக்குக் கடினமானது என்றாலும் ஒன்றைச் சீக்கிரமே பார்த்துவிடுங்கள்: அவர் உயிரோடு இருக்கிறாரா என்பது. நினைவஞ்சலி விளம்பரங்கள், ஃபைண்ட் எ கிரேவ், பில்லியன்கிரேவ்ஸ் போன்ற கல்லறைத் தளங்கள், கட்டணமில்லாத குடும்ப வரலாற்றுத் தளமான ஃபேமிலிசர்ச் ஆகியவற்றில் தேடலாம். கல்லறைத் தளங்களில் எல்லாச் சமூகத்தாரும் இருக்க மாட்டார்கள் என்பதையும், ஃபேமிலிசர்ச்சில் உயிரோடு இருப்பவர்களின் விவரம் மறைக்கப்பட்டிருக்கும் என்பதையும் நினைவில் வைத்துக்கொள்ளுங்கள். பெற்றோருடைய நினைவஞ்சலி கிடைத்தால் அது தேடலுக்கே திருப்புமுனை ஆகலாம், பிள்ளைகள், மருமக்கள் பெயர்கள் அதில் வரிசையாக இருக்கும்.

போர், பேரிடர், இடப்பெயர்வு ஆகியவற்றால் பிரிந்த குடும்பம் என்றால் செஞ்சிலுவை இயக்கத்தின் குடும்ப இணைப்புச் சேவைக்குப் போங்கள். 1870இல் பிரெஞ்சு–பிரஷ்யப் போரின்போது பாசல் நகரில் தொடங்கிய பணி இது. முதல் உலகப் போரில் ஜெனீவாவில் இயங்கிய நிறுவனம் சுமார் 70 லட்சம் அட்டைகளில் பெயர்களைப் பதிந்து வைத்திருந்தது. இன்று 190க்கும் மேற்பட்ட நாடுகளின் தேசியச் சங்கங்கள் வழியாகக் கட்டணம் இல்லாமல் நடக்கிறது. உங்கள் நாட்டுச் சங்கத்தில் விண்ணப்பம் கொடுத்தால் போதும். ஆளைக் கண்டுபிடித்தாலும் அவர் சம்மதித்தால் மட்டுமே அவருடைய முகவரியை உங்களுக்குத் தருவார்கள். பழைய நண்பரைத் தேடித் தரும் சேவை அல்ல இது. கிறித்தவத் தொண்டு அமைப்பான சால்வேஷன் ஆர்மி 1885 முதல் நடத்திவரும் தேடல் சேவையும் பொதுவாக உறவினர்களுக்கானது.

பெற்றோரையோ உடன்பிறந்தவரையோ தேடுபவர், பெயரே தெரியாத நிலையில் இருந்தால் மரபணுச் சோதனை உதவும். பகிர்ந்துகொள்ளும் மரபணு அளவைச் சென்டிமார்கன் என்ற அலகில் தருவார்கள்: பெற்றோர்–பிள்ளைக்குச் சுமார் 3400, பெரியப்பா, சித்தப்பா, மாமா, அத்தை பிள்ளைகளுக்குள் சராசரியாகச் சுமார் 850, அவர்களுடைய பிள்ளைகளுக்குள் சுமார் 230. நீங்கள் சோதனை செய்யும் நிறுவனத்தில் உறவினர் யாராவது ஏற்கெனவே சோதனை செய்திருந்தால் மட்டுமே பலன் உண்டு. சோதனைத் தரவை ஜெட்மேட்ச் தளத்தில் ஏற்றினால் பிற நிறுவனங்களில் சோதித்து அங்கே ஏற்றியவர்களோடும் ஒப்பிடலாம்.

படி 6: அவர்தானா?

ஒத்த பெயர், ஒத்த வயது, ஒத்த ஊர் கொண்ட வேறொருவர் அநேகமாக எப்போதும் இருப்பார். ஒன்றுக்கொன்று தொடர்பில்லாத மூன்று அடையாளங்கள் பொருந்தும்வரை உறுதி என்று எண்ணாதீர்கள். உதாரணமாக, படித்த கல்லூரியும் ஆண்டும், தங்கையின் பெயர், நெற்றியில் உள்ள தழும்பு. பெயர், ஊர், தாய்மொழி என்ற மூன்றும் பொருந்தினால் அது போதாது, ஒரே ஊர்க்காரர்கள் பலருக்கும் இவை பொருந்தும். ஒன்றே ஒன்று அடியோடு முரண்பட்டாலும் (அவருக்குத் தம்பி கிடையாது, இவருக்கு இருக்கிறார்) நின்று, அதற்கு விளக்கம் கிடைத்த பிறகு மேலே போங்கள்.

முகச்சாயலை நம்பாதீர்கள். முப்பது ஆண்டுக்குப் பின் முகத்தில் நாம் பார்ப்பதில் பாதி நம் ஆசை. காதின் வடிவம், மச்சம், தழும்பு, சிரிக்கும்போது தெரியும் பல்வரிசை ஆகியவற்றைப் பாருங்கள்.

படி 7: முதல் செய்தி

இத்தனை உழைப்பும் ஒரு பத்தியில் வீணாகிவிடக்கூடிய இடம் இது. நீங்கள் மாதக்கணக்கில் அவரை நினைத்துக்கொண்டிருக்கிறீர்கள். அவருக்கோ ஒரு சாதாரண நாளில் எங்கிருந்தோ ஒரு செய்தி வருகிறது. அவர் வீட்டில் யார் அதைப் படிப்பார்கள் என்று உங்களுக்குத் தெரியாது. பழைய காதல், பழைய சண்டை, கைவிட்ட படிப்பு, மாற்றிக்கொண்ட மதம் என எதை அவர் இப்போதைய குடும்பத்திடம் சொல்லாமல் வைத்திருக்கிறார் என்பதும் தெரியாது. எனவே முதல் செய்தி, யார் படித்தாலும் பாதகமில்லாத ஒன்றாக இருக்க வேண்டும். சுருக்கமாக, இப்படி:

"வணக்கம். என் பெயர் சரவணன். 1989 முதல் 1992 வரை என்னோடு ஒரே வகுப்பில் படித்த மீனாட்சியைத் தேடிக்கொண்டிருக்கிறேன். கல்லூரி இதழுக்கு ஓவியம் வரைந்தவர். அது நீங்களாக இருக்கலாம் என்று தோன்றியதால் எழுதுகிறேன். நீங்கள்தான் என்றால், நலமாக இருக்கிறீர்களா என்று அறிய ஆசை. வேறு எந்தக் காரணமும் இல்லை. பதில் எழுதுவதும் எழுதாததும் உங்கள் விருப்பம். நான் மீண்டும் தொந்தரவு செய்ய மாட்டேன். என் எண்ணும் மின்னஞ்சலும் கீழே இருக்கின்றன."

இதில் நீங்கள் யார், எப்படித் தெரியும், ஏன் எழுதுகிறீர்கள் என்பதும், பதில் தராமல் இருக்கும் உரிமையும் இருக்கின்றன. அவர் வீட்டை இணைய வரைபடத்தின் தெருப்படத்தில் பார்த்தது, பிள்ளைகள் படிக்கும் பள்ளி தெரியும் என்பது, எப்படிக் கண்டுபிடித்தீர்கள் என்ற முழுக்கதை, இவை எதுவும் முதல் செய்தியில் வரக் கூடாது. உங்களுக்கு அது அன்பின் அடையாளம். படிப்பவருக்கு அச்சம் தரும். மன்னிப்புக் கேட்பதற்காகத் தேடுபவர்களும் முதல் செய்தியிலேயே மன்னிப்பைக் கொட்டிவிட வேண்டாம். கேட்க அவருக்கு விருப்பமா என்று தெரிந்த பிறகு கேளுங்கள்.

கையால் எழுதிய கடிதம் இப்போதும் சிறந்த வழி. யாரும் எதிர்பாராதது என்பதால் நிச்சயம் படிக்கப்படும், பதில் சொல்ல அவசரப்படுத்தாது. ஃபேஸ்புக், இன்ஸ்டாகிராம் வழியாக அனுப்பினால், நண்பர் பட்டியலில் இல்லாதவர்களின் செய்தி தனிக் கோரிக்கைப் பெட்டிக்குள் போய்விடும். பலர் அதை ஆண்டுக்கணக்கில் திறப்பதே இல்லை. அங்கே மௌனம் என்றால் மறுப்பு என்று எடுத்துக்கொள்ள முடியாது. ஆறு வாரம் பொறுத்து, வேறொரு வழியில், பொதுவான நண்பர் மூலமாகவோ கடிதமாகவோ, ஒரே ஒருமுறை முயலலாம். செய்தியைப் பார்த்துவிட்டுப் பேசாமல் இருந்தார் என்றாலோ, வேண்டாம் என்று சொன்னார் என்றாலோ அங்கேயே நிறுத்துங்கள். வீட்டு வாசலில் போய் நிற்பது, அலுவலகத்துக்குத் தொலைபேசுவது, பிள்ளைகளுக்கு எழுதுவது எந்நிலையிலும் கூடாது. குடும்ப வன்முறையிலிருந்து தப்பி, யாரும் கண்டுபிடிக்கக் கூடாது என்றே பெயரையும் ஊரையும் மாற்றிக்கொண்டு வாழ்பவர்கள் இருக்கிறார்கள். அதே காரணத்தால், வேறொருவர் உங்களிடம் "இவரைத் தேடித் தாருங்கள்" என்று கேட்டால், முகவரியைக் கையில் கொடுத்துவிடாதீர்கள். கண்டுபிடித்தவரிடம் முதலில் கேளுங்கள்.

பொது அறிவிப்பு போடுவது பற்றி

"இவரைத் தெரியுமா, அதிகம் பகிருங்கள்" என்று படத்தோடு பதிவு போடுவதைப் பலர் முதல் படியாகவே செய்கிறார்கள். எல்லா வழியும் அடைபட்ட பிறகு, கடைசியாகச் செய்ய வேண்டியது இது. பகிரப்பட்ட படத்தைத் திரும்பப் பெற முடியாது. தேடப்படுவது அவருக்குத் தெரியும் முன் ஊருக்கே தெரிந்துவிடும். போட்டே தீர வேண்டும் என்றால் முழுப்பெயரும் படமும் சேர்த்துப் போடாமல், "1990–93 வேதியியல் பிரிவு மாணவர்கள் யாராவது இருந்தால் எனக்கு எழுதுங்கள்" என்று வட்டத்தை மட்டும் கூப்பிடுங்கள்.

அறிவிப்பு போட்டதும் மோசடிக்காரர்கள் வருவார்கள். "நான்தான் அவர்", "அவர் மருத்துவமனையில் இருக்கிறார், உடனே பணம் வேண்டும்", "முகவரி தெரியும், முன்பணம் அனுப்புங்கள்" என்று எழுதுவார்கள். இதற்காகவே, உங்கள் இருவருக்கு மட்டும் தெரிந்த இரண்டு செய்திகளை எங்கும் எழுதாமல் வைத்துக்கொள்ளுங்கள். வருபவரிடம் திறந்த கேள்வியாகக் கேளுங்கள். "நாம் மூன்றாம் பெஞ்சில்தானே உட்கார்ந்தோம்?" என்றால் யாரும் ஆமாம் என்பார்கள், "எங்கே உட்கார்ந்தோம்?" என்று கேட்க வேண்டும். ஆளைக் கண்ணால் பார்த்துப் பேசும்வரை ஒரு காசும் அனுப்பாதீர்கள். தனியார் துப்பறிவாளரை அமர்த்துவதாக இருந்தால் உரிமம், எழுத்து மூலமான கட்டண ஒப்பந்தம், எந்த வழிகளில் தேடுவார் என்ற விளக்கம் ஆகிய மூன்றையும் கேளுங்கள். வங்கிப் பதிவுகளையும் தொலைபேசிப் பதிவுகளையும் எடுத்துத் தருகிறேன் என்பவர் சட்டத்தை மீறுகிறார், அந்த வழக்கில் நீங்களும் சிக்குவீர்கள்.

கிடைக்காவிட்டால்

தேடலை நிறுத்தி வைக்கலாம், மூட வேண்டியதில்லை. கூகுள் அலர்ட்ஸில் அவர் பெயரின் மூன்று நான்கு வடிவங்களை மேற்கோள் குறியோடு பதிந்து வைத்தால், புதிதாக ஏதேனும் வரும்போது மின்னஞ்சல் வரும். ஆண்டுக்கு ஒருமுறை, ஒரு குறிப்பிட்ட நாளில், சமூகத் தளங்களில் மறுபடி தேடுங்கள். ஓய்வு பெற்ற பிறகும் பேரப்பிள்ளைகள் வந்த பிறகும் புதிதாகக் கணக்குத் தொடங்குபவர்கள் ஏராளம்.

உங்களை அவர் கண்டுபிடிக்க வழி இருக்கிறதா என்றும் பாருங்கள், அவரும் தேடிக்கொண்டிருக்கலாம். உங்கள் ஃபேஸ்புக் பக்கத்தில் திருமணத்துக்கு முந்தைய பெயரையும் பழைய செல்லப்பெயரையும் 'பிற பெயர்' என்ற இடத்தில் சேர்த்துக்கொள்ளுங்கள். பள்ளி, கல்லூரி, படித்த ஆண்டுகள் பொதுவில் தெரியட்டும். முகப்புப் படமாகப் பூவையோ சாமி படத்தையோ வைத்திருந்தால் உங்கள் முகத்தை வையுங்கள், பக்கத்திலேயே அந்தக் காலத்துப் படம் ஒன்றையும் போடுங்கள். பழைய மாணவர் சங்கத்திலும் முன்பு வேலை பார்த்த இடத்திலும் உங்கள் இன்றைய எண்ணைக் கொடுத்து, "யார் கேட்டாலும் தரலாம்" என்று எழுதிக் கொடுத்துவிட்டு வாருங்கள்.